செக் இன்ஜின் விளக்கு, பி0171 கோடு: ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் ஏன் திரும்ப வருகிறது?

நீங்கள் சொன்ன விவரம்: 2008 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 1,10,000 கி.மீ. ஓடியது. பிக்கப் குறைவு, ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் நிற்கும்போது) லேசான உதறல். மொபைல் ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) காட்டியதும் முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினீர்கள். ஒரு வாரம் விளக்கு எரியவில்லை, பிறகு மறுபடி வந்துவிட்டது.

அந்த ஒரு வார நிம்மதியைத் தந்தது புது சென்சார் இல்லை. சென்சார் மாட்டியபோது கோடை அழித்திருப்பார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள். அப்போது ஈசியு (இன்ஜினை நடத்தும் கணினி) சேர்த்து வைத்திருந்த எரிபொருள் திருத்தக் கணக்கும், அதாவது பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கும், பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அது மறுபடி ஏறி எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் ஒரே ஓட்டத்தில் விளக்கு எரியாது, பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே பிழை தெரிந்தால்தான் எரியும். உங்கள் வண்டியின் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பி0171 என்றால் கலவை லீன், அதாவது காற்று கூடுதல் பெட்ரோல் குறைவு என்று பொருள். சென்சார் "லீன்" என்று சொல்லச் சொல்ல, ஈசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. பல வண்டிகளில் அந்தத் திருத்தம் +25 சதவீதத்தை நெருங்கும்போது இந்தக் கோடு விழும். சென்சாரே கெட்டுப்போனால் அதற்குத் தனிக் கோடுகள் உண்டு: பி0131 என்றால் வோல்டேஜ் தாழ்ந்தே நிற்கிறது, பி0133 என்றால் மந்தமாக மாறுகிறது, பி0134 என்றால் அசைவே இல்லை, பி0135 என்றால் ஹீட்டர் கோளாறு. இவை எதுவும் இல்லாமல் பி0171 மட்டும் வந்தால், சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது என்ற நம்பிக்கையோடு தொடங்கலாம். ஆனால் நம்பிக்கை போதாது. பத்து நிமிடத்தில் நிரூபித்துவிடலாம், அதை முதலில் செய்யுங்கள்.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரத்தைப் படம் எடுத்து வையுங்கள். கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். கோளாறு ஐடிலில் விழுந்ததா, நெடுஞ்சாலை வேகத்தில் விழுந்ததா என்பது பாதித் துப்பு. ஒர்க்ஷாப்பில் பலர் இதைப் பார்க்காமலே கோடை அழித்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஜிர்கோனியா வகை சென்சார். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அதுவே சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம், ரிச் (பெட்ரோல் கூடுதல்) என்றால் 0.9 வோல்ட் பக்கம், நடுக்கோடு 0.45. முனை 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியாக வேலை செய்யும். அதற்குத்தான் உள்ளே ஹீட்டர்.

சோதனைக்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முள் மீட்டரும் டெஸ்ட் லேம்பும் கூடவே கூடாது, இந்தச் சிறு மின்னழுத்தத்தை அவை இழுத்து விழுங்கிவிடும். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கம் ரப்பர் சீலின் ஓரமாக மெல்லிய குண்டூசியைச் சொருகி சிக்னல் வயரைத் தொடுங்கள். வயரின் உறையைக் குத்தாதீர்கள். நான்கு வயர் சென்சாரில் போஷ், என்டிகே வகை என்றால் இரண்டு வெள்ளை ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோ வகை என்றால் இரண்டு கருப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். இந்த நிறம் சென்சார் பக்க வயருக்கு மட்டும்தான், கனெக்டரைத் தாண்டி வண்டிப் பக்கம் நிறம் வேறாக இருக்கும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். நல்ல சென்சார் அந்த நிலையில் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும், பத்து விநாடியில் எட்டு முறைக்குக் குறையாமல். பிறகு ஆக்சிலேட்டரை ஒரு வெட்டு வெட்டி விடுங்கள். அழுத்தும் நொடியில் 0.8-ஐத் தாண்ட வேண்டும், காலை எடுத்ததும் இன்ஜெக்டர் நின்று 0.1-க்குக் கீழே விழ வேண்டும். மீட்டரில் மின்/மேக்ஸ் பொத்தான் இருந்தால் இரண்டு எண்ணும் அதில் பதிந்துவிடும். புளூடூத் ஸ்கேனரில் பார்ப்பதானால் முன் சென்சார், குறுகிய காலத் திருத்தம் (ஈசியு அந்தந்த நொடியில் செய்வது) ஆகிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். இருபது எண்களைச் சேர்த்துப் போட்டால் திரை மெதுவாகத்தான் புதுப்பிக்கும், நல்ல சென்சாரும் மந்தமாகத் தெரியும்.

0.1-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால், ஏர் ஃபில்டர் குழாயில் கொஞ்சம் எரிவாயுவை (ஹேண்ட் டார்ச் கேனிலிருந்து, தீ பற்றவைக்காமல்) விட்டுப் பாருங்கள். திறந்த இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். 0.8-க்கு ஏறினால் சென்சார் நலம், கலவை உண்மையிலேயே லீன். ஏறவில்லை என்றால் சென்சார் அல்லது அதன் வயரிங். வயரிங்கில் முதலில் பார்க்க வேண்டியது எர்த்: சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போது, 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்து ஹீட்டர்: கனெக்டரைக் கழற்றி இரண்டு ஹீட்டர் முனைகளுக்கு நடுவே அளந்தால், ஆறிய நிலையில் மாடலைப் பொறுத்து 3 முதல் 15 ஓம் வரை காட்டும். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. ஹீட்டர் செத்த சென்சார் நெடுஞ்சாலையில் புகைச் சூட்டிலேயே வேலை செய்யும், டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது ஆறிப்போய் மௌனமாகிவிடும். புது சென்சார் வாங்கும் முன் ஃபியூஸையும் ஒரு பார்வை பாருங்கள்.

சென்சார் நலம் என்று தெரிந்த பிறகும், அது நல்ல எண்ணத்தோடு தவறான சாட்சி சொல்லும் இரண்டு சூழ்நிலைகள் உண்டு. ஒன்று, மிஸ் அடிக்கும் சிலிண்டர். எரியாமல் வெளியே போகும் சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே சென்சாரைக் கடக்கும். கூடவே போகும் எரியாத பெட்ரோலை அது பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டும் பார்த்து "லீன்" என்கிறது. ஈசியு நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டும். உங்கள் வண்டியில் ஐடில் உதறலும் இருப்பதால் பிளக், காயில், பிளக் வயர் மூன்றையும் மற்ற எதற்கும் முன்னால் பாருங்கள். மிஸ் அடிக்கும் வண்டியை அப்படியே ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) அதிகச் சூட்டில் உருகிப்போகும், சென்சார் விலையை விடப் பல மடங்கு நஷ்டம்.

இரண்டு, சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் லீக். புகை துடித்துத் துடித்துத்தான் வரும், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்படும். ஐடிலில் இந்தப் பாதிப்பு அதிகம், ரேஸ் கொடுத்தால் குறையும். வேக்கம் லீக்கும் (இன்ஜினுக்குள் காற்று போகும் பக்கத்தில் ஓட்டை) இதே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்பதால் இது பலரை ஏமாற்றும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் தடித்த ஈரத் துணியால் சில விநாடி அடைத்துப் பிடித்தால் 'புஸ் புஸ்' என்று கேட்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட் ஓரத்தில் கருப்புக் கரிக்கோடு இருந்தால் அதுவே போதிய சாட்சி.

இனி திருத்த எண்களை மூன்று இடங்களில் குறித்துக்கொள்ளுங்கள். சூடான ஐடில், நின்றபடி 2500 ஆர்பிஎம், மேடேறும் முழு லோடு (வேறொருவர் ஓட்ட நீங்கள் ஸ்கேனரைப் பாருங்கள்). ஒவ்வோர் இடத்திலும் குறுகிய காலத் திருத்தத்தையும் நீண்ட காலத் திருத்தத்தையும் (ஈசியு சேர்த்து வைத்தது) கூட்டிக்கொள்ளுங்கள். ±5 நல்லது, 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐடிலில் +20 இருந்து 2500-இல் +4-க்கு இறங்கினால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் +5 இருந்து மேட்டில் +20-க்கு ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறியிருந்தால் பெட்ரோல் அழுத்தம் பொதுவாகவே குறைவு, அல்லது காற்றை அளக்கும் சென்சார் குறைத்துச் சொல்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் "லீன் என்றால் வேக்கம் லீக்" என்ற விதி மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பது) உள்ள வண்டிக்கு. நம் ஊர்ச் சிறு பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் மேப் சென்சார்தான், அது இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) உள் அழுத்தத்தை அளப்பது. ஹோஸ் கிழிந்து காற்று நுழைந்தால் உள் அழுத்தமும் கூடும், ஈசியு அதைக் கண்டு அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் லீன் ஆவதை விட ஐடில் ஏறி நிற்பதுதான் முதலில் தெரியும். ஒரே சிலிண்டருக்குப் பக்கத்தில், இன்ஜெக்டர் ஓ-ரிங் அல்லது மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் லீக் இருந்தால் மட்டும் அந்தச் சிலிண்டர் தனியாக லீன் ஆகி உதறும். மேப் வண்டியில் பி0171 வந்து ஐடில் வேகமும் சரியாக இருந்தால், ஹோஸ்களைத் தடவிக்கொண்டிருக்காமல் பெட்ரோல் பக்கம் போங்கள்.

அதற்கு முன் மேப் சென்சாரையே ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். அப்போது ஸ்கேனர் காட்டும் எண் அந்த ஊரின் காற்றழுத்தமாக இருக்க வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கல் அருகே, ஊட்டியில் 77 அருகே. சென்னையில் நின்றுகொண்டு 90 காட்டினால், காற்று குறைவு என்று நம்பி ஈசியு பெட்ரோலைக் குறைத்து ஊற்றுகிறது. சூடான ஐடிலில், ஏசி அணைத்து, 30 முதல் 40 வரை சாதாரணம்.

காற்று லீக்கைத் தேடும்போது பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), பர்ஜ் வால்வு ஹோஸ் (டேங்கின் பெட்ரோல் ஆவியைக் கொண்டுபோவது) மூன்றையும் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நெரித்து, திருத்த எண் இறங்குகிறதா என்று பாருங்கள். எதை நெரித்தால் இறங்குகிறதோ அங்கே கோளாறு. 15 வருட ரப்பர் மேலே நன்றாகத் தெரியும், மடிப்பின் அடியில் வெடித்திருக்கும். கார்ப் கிளீனரைச் சூடான மேனிஃபோல்டின் மேல் அடித்துத் தேடும் பழக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். ஸ்மோக் மெஷின் உள்ள ஒர்க்ஷாப் கிடைத்தால் அதுதான் சிறந்த வழி.

பெட்ரோல் பக்கம் அழுத்த மீட்டர் போடாமல் ஊகிக்க முடியாது. பல வண்டிகளில் 3 பார் அருகே இருக்கும், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டு எண்ணே முடிவு. ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) உள்ள வகையில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைப் பிடுங்கினால் அழுத்தம் அரை பார் அளவு ஏற வேண்டும். அந்த ஹோஸின் உள்ளே பெட்ரோல் வாசனை வந்தால் ரெகுலேட்டர் டயாபிராம் கிழிந்துவிட்டது. ஐடிலில் அழுத்தம் சரியாக இருந்து மேட்டில் விழுந்தால் ஃபில்டர், டேங்கின் உள்ளே உள்ள வலைச் சல்லடை, பம்பின் எர்த் இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள். பம்பை மாற்றும் முன் அதன் கனெக்டரில், பம்ப் ஓடும்போது, எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துவிடுங்கள். பேட்டரி 13.8 காட்டி பம்பில் 11 மட்டும் வந்தால் குற்றம் வயரிங்கில்.

எத்தனால் கலப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுத்த பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ10-க்கு (10 சதவீதம் எத்தனால்) 14.1 அருகே, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் இ20-க்கு (20 சதவீதம்) 13.5 அருகே. அதே காற்றுக்கு இ20-ஐ இ10-ஐ விட 4 முதல் 5 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். திருத்தம் +4, +5 கூடி நிற்பது இந்த மாற்றத்தால் மட்டுமே வரக்கூடியது, அதைக் கோளாறாக நினைக்காதீர்கள். ஆனால் ஏற்கெனவே அடைப்பால் +18-இல் இருந்த பழைய வண்டியை இது எல்லைக்குத் தள்ளிவிடும். பழைய டேங்கின் கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பும், அது நேரே ஃபில்டருக்குத்தான் போகும். எல்பிஜி கிட் போட்டிருந்தவர்கள் சென்சார் வயரை வெட்டி எமுலேட்டர் கோத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அது ஈசியுவுக்குப் பொய்ச் சிக்னல் கொடுப்பதற்கென்றே வைப்பது.

சென்சார்தான் குற்றவாளி என்று நிரூபணமானால் மட்டும் மாற்றுங்கள். கழற்றியதும் முனையின் நிறத்தைப் பாருங்கள். கருங்கரி என்றால் ரிச் ஓட்டம். வெள்ளைப் பொடி என்றால் சிலிக்கோன், தரமில்லாத ஆர்டிவி கேஸ்கெட் பசையிலிருந்து வருவது. பொருபொருவென்ற வெண்பச்சைப் படிவு கூலன்ட் உள்ளே கசிவதைக் காட்டும். பழுப்புச் சாம்பல் என்றால் ஆயில் எரிகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது சென்சார் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். பெட்ரோலில் ஊற வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்து மீட்கலாம் என்பதை நம்பாதீர்கள்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 மி.மீ. சென்சார் சாக்கெட்டால் திருப்பினால் மரை கிழியாமல் வரும். புதியதை 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். மரையில் அவர்களே தடவிக் கொடுத்திருக்கும் பசை போதும், முனையில் எதுவும் படக் கூடாது. உங்கள் வண்டியின் கனெக்டரோடு வருவதையே வாங்குங்கள். வயரை ஒட்டும் வகை என்றால் கிரிம்ப் ஸ்லீவ் மட்டும், சால்டர் வேண்டாம். ஒப்பீட்டுக்கான வெளிக்காற்று பல சென்சார்களில் வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது, ஈயம் அதை அடைத்துவிடும். கனெக்டரில் கிரீஸும் ஸ்ப்ரேயும் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்.

எதைச் சரிசெய்தாலும் கோடை அழித்து, டவுனும் நெடுஞ்சாலையுமாக 100 கி.மீ. ஓட்டுங்கள். பிறகு அந்த மூன்று இடங்களில் மறுபடி திருத்தத்தை எழுதுங்கள். மூன்றும் ±5-க்குள், இ20 என்றால் +8-க்குள் நின்றால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் ஏறி நின்றால், விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்கேனரின் பெண்டிங் கோடு (விளக்கு எரியும் முன் ஈசியு குறித்து வைப்பது) பகுதியில் பி0171 முன்கூட்டியே தெரியும், எந்த இடத்தில் ஏறியதோ அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திறந்தால் போதும்.