காயப்பட்ட பிள்ளைகளும் நம் சபையும்: கேள்வி பதில்

வன்முறைக்கு ஆளான, கைவிடப்பட்ட பிள்ளைகள் மத்தியில் ஊழியம் செய்யும் சகோதரி, சபைகளிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

சண்டே கிளாஸ் எடுக்கிறேன், அக்கா. ஒன்பது வயதுப் பிள்ளை, மாமா தன்னிடம் தப்பாக நடந்துகொள்வதாகச் சொல்லி அழுதாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டாம், தங்கை. ஆனால் அவளுக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக்கூடியவர்களிடம் மட்டும் சொல்லப்போகிறேன்" என்று அவளிடமே சொல்லுங்கள். "நீ சொன்னதை நம்புகிறேன், இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்பதையும் சொல்லுங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதியோடு எழுதிவையுங்கள்.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். கேட்கக் கேட்க, நாம் எதிர்பார்க்கும் பதிலைப் பிள்ளை சொல்லத் தொடங்கும். பின்னால் வழக்கில் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பும். விசாரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். மாமாவிடம் நியாயம் கேட்கப் போனால் அவர் உஷாராகி அவளை மிரட்டுவார். குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ இன்றே சொல்லுங்கள். இன்றிரவு அவள் எங்கே தூங்கப்போகிறாள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. ஜெபம் அவள் விரும்பினால், அதன் பிறகு.

குற்றம் சாட்டப்பட்டவர் எங்கள் சபை மூப்பர். மத்தேயு 18:15-ன்படி தனியாகப் பேசித் தீர்க்கலாம், சபையின் சாட்சி கெடக்கூடாது என்கிறார் போதகர்.

அதே அதிகாரத்தின் 6-ம் வசனத்தை அவர் முதலில் வாசிக்கட்டும். சிறியரில் ஒருவனை இடறச் செய்பவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்கிறார் இயேசு. 15-ம் வசனம் சகோதரர்களுக்குள் வரும் மனத்தாங்கலுக்கு. பிள்ளைக்குச் செய்த கொடுமையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தாவீது ராஜாவின் மகள் தாமார் கெடுக்கப்பட்டபோது அவள் அண்ணன் அப்சலோம் அவளை மவுனமாயிருக்கச் சொன்னான். தகப்பன் தாவீது கோபப்பட்டதோடு நிறுத்திக்கொண்டான். அந்தக் குடும்பம் பிறகு என்ன ஆனது என்பது போதகருக்குத் தெரியும். புகார் கொடுங்கள். விசாரணை முடியும்வரை பிள்ளைகள் வரும் எந்தக் கூடுகையிலும் அந்த மூப்பர் இருக்கக்கூடாது.

நாங்கள் வளர்க்கும் ஏழு வயதுப் பையன் ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கிறான். "களவு செய்யாதிருப்பாயாக" என்று சொல்லிக்கொடுத்தும் மாறவில்லை.

அது களவே இல்லை, சகோதரரே. பட்டினி கிடந்த பிள்ளைக்கு நாளைக்குச் சாப்பாடு வரும் என்று நம்பத் தெரியாது. ஒரு டப்பாவில் பிஸ்கட்டும் பழமும் போட்டு அவன் படுக்கையருகே வையுங்கள். "இது உன்னுடையது, தீர்ந்தால் நான் நிரப்புவேன்" என்று சொல்லி, ஒரு நாளும் தவறாமல் நிரப்புங்கள். அவன் என்ன சேட்டை செய்தாலும் தண்டனையாக அந்த டப்பாவை எடுத்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஆகலாம்.

செத்தால் போதும் என்று எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கிடந்தபோது, தேவதூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டு, இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். தேவன் பேசியது அதற்குப் பிறகு.

"பரலோக பிதாவே" என்று சொல்ல ஒரு பிள்ளை மறுக்கிறாள்.

வற்புறுத்தாதீர்கள். அவளை அடித்தது அவள் அப்பா. மேய்ப்பர், அடைக்கலம் என்று வேதத்திலேயே வேறு பெயர்கள் இருக்கின்றன. அவளுக்குப் பயம் தராத ஒன்றைச் சொல்லட்டும். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்ற வசனத்தை அவளே ஒருநாள் கேட்கலாம். அப்பாவை மன்னிக்கச் சொல்லியும் அவசரப்படுத்த வேண்டாம். யோசேப்பு தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரை மன்னித்தபோது, அவர்களால் அவனை ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் இருந்தான்.

எங்கள் சபை ஓர் அநாதை இல்லம் கட்ட நினைக்கிறது.

ஜார்ஜ் முல்லர் என்ற ஊழியர் 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கியதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் அது பல பிள்ளைகளைத் தெருவிலிருந்து காப்பாற்றியது. இன்று அதற்கு மேலும் நமக்குத் தெரியும். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-ல் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. காப்பகத்திலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பாசப்பிணைப்பிலும் அங்கேயே தங்கியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். கட்டடத்துக்கான பணத்தில் வளர்ப்புப் பெற்றோரைத் தயார்செய்யுங்கள். வறுமையால் மட்டும் பிள்ளையைப் பிரியவிருக்கும் தாய்க்கு அதே பணத்தில் வீட்டு வாடகை கட்டுங்கள்.

எனக்கு முப்பது வயது. சின்ன வயதில் தினமும் ஜெபித்தேன், கொடுமை நிற்கவில்லை. தேவன் எங்கே இருந்தார்?

தம்பி, இதற்குச் சட்டென்று பதில் சொல்பவர்களிடம் நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசிவரை ஆறுதல் வரி கிடையாது. அதுவும் ஜெபம்தான், அப்படியே ஜெபியுங்கள். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் தாமே கதறியவரிடம்தான் நான் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன்; வேறு யாரிடமும் கூட்டிப்போக எனக்குத் தைரியம் வராது. இத்தோடு, இப்படிப்பட்ட காயங்களுக்குச் சிகிச்சை தரும் மனநல ஆலோசகரையும் பாருங்கள். கெட்ட கனவுக்கும் திடீர் நடுக்கத்துக்கும் சிகிச்சை இருக்கிறது. முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.