கீமோ தொடங்கும் தோழிக்கு எப்படித் துணை நிற்பது?

வெள்ளவத்தையிலுள்ள தோழிக்கு ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய், அடுத்த கிழமை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ (மருந்தேற்றும் சிகிச்சை), நான் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு டிஜிட்டல் தேர்மோமீட்டர் வாங்கிக் கொடுங்கள். மருந்து ஏற்றிய பின் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். சூட்டை அளக்காமல் பனடோல் போட்டால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. இதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். இரவில் எந்த வாகனம் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

கிளினிக்குக்கு ஒரு கொப்பியோடு கூடப் போங்கள். மருந்தின் பெயர், அடுத்த திகதி, இரத்தப் பரிசோதனை நாள் எல்லாம் எழுதுங்கள். அவவுக்குச் சிங்களம் சரளமில்லையென்றால் இது பெரிய உதவி.

தாளிக்கும் மணமே குமட்டும், அதனால் உங்கள் வீட்டிலேயே சமைத்துக் கொண்டுபோங்கள். வாய்ப்புண் இருந்தால் உறைப்பும் புளியும் எரியும். ஆறின கஞ்சி, புளி விடாத வெள்ளைச் சொதியில் ஊறின இடியப்பம் இறங்கும்.

"ஏதும் தேவையெண்டா சொல்லு" என்றால் அவ கேட்கமாட்டா. "வியாழக்கிழமை பிள்ளையை டியூஷனாலே நான் கூட்டிவாறன்" என்று சொல்லுங்கள்.