ஏலத்தில் வந்த பெட்டி: இந்த இரும்பெல்லாம் என்ன?

கேள்வி: மூடப்போகிற ஒரு பட்டறையின் ஏலத்துக்குச் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போனேன். லேத் கைக்கு எட்டவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் "பலவகைக் கருவிகள்" என்று எழுதியிருந்த மூன்று மரப்பெட்டிகளை ஒரே லாட்டாக எடுத்துவிட்டேன். டிரில், மரை வெட்டும் டேப், அரம் எல்லாம் தெரிகிறது. மீதியில் பாதி என்னவென்றே புரியவில்லை. சுத்தியல் மாதிரி தலையில் குறுக்கே குழாய் வைத்த குச்சிகள் ஆறு, எதிலும் அளவுக்கோடு இல்லை. மீன் வடிவத்தில் ஒரு தகரம். இரண்டு உருளை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கனமான பட்டை. முனை லொடலொட என்று ஆடும், உடைந்த பேனா போன்ற ஒன்று. உடம்பெல்லாம் ஓட்டையாக இரண்டு இரும்புக் கட்டைகள். நடுவில் துளையோடு பல் வைத்த வட்டுகள் ஏழெட்டு. எல்லாவற்றையும் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் படம் எடுத்து அனுப்பட்டுமா? நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: முதலில் அந்த வயர் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். எமரித் தாளும் வேண்டாம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த இரும்பின் மேலேயே எழுதியிருக்கிறது, நீங்கள் தேய்த்துக் கழற்றப் பார்ப்பதே அதைத்தான். பழைய கருவிகளில் அளவும் பெயரும் ஆழமாகக் குத்தப்பட்டிருந்தால் பிழைத்தது, ஆனால் பலவற்றில் அமிலத்தாலோ மின்சாரத்தாலோ மேலோட்டமாகப் பொறித்திருப்பார்கள், சுழலும் பிரஷ் ஒரு சுற்றுப் போனால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவையுங்கள், காலையில் பழந்துணியால் துடையுங்கள். பிறகு எழுத்து இருக்கும் இடம் மாதிரி தெரிகிற பக்கத்தில் வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, விரலால் லேசாக வழித்துவிட்டால் பள்ளத்தில் நின்ற சுண்ணப்பொடியில் எழுத்து பளிச்சென்று மேலே வரும். இந்த ஒரு வேலையிலேயே பெட்டியில் பாதிக்குப் பெயர் கிடைத்துவிடும்.

சரி, நீங்கள் சொன்னவற்றைப் பார்ப்போம்.

அளவுக்கோடு இல்லாத அந்தக் குச்சிகள் டெலஸ்கோப்பிக் கேஜ். குறுக்குக் குழாயை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே ஸ்பிரிங் இருக்கும். கைப்பிடியின் அடியில் திருகுகிற குமிழ் இருக்கும், அதை இறுக்கினால் குழாய் அப்படியே நின்றுவிடும். ஒரு துளைக்குள் சாய்வாக விட்டு, ஸ்பிரிங் விரிந்ததும் லேசாக இறுக்கி, ஒரே ஆட்டாக நிமிர்த்தி வெளியே எடுத்து, விரிந்த நீளத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கோடு இல்லாததற்குக் காரணம் இதுதான், அளப்பது மைக்ரோமீட்டரின் வேலை. பெரும்பாலும் 6 கொண்ட செட்டாக, 8 மி.மீ. முதல் 150 மி.மீ. வரை வரும். ஆறும் இருக்கிறது என்கிறீர்கள், நல்ல வேட்டை.

மீன் தகரம், சென்டர் கேஜ். வாலில் வெட்டியிருக்கும் கோணம் 60 பாகையா 55 பாகையா என்று பாருங்கள்: 60 என்றால் மெட்ரிக் மரைக்கு, 55 என்றால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல மரைக்கு. லேத்தில் மரை வெட்டும் டூலைச் சாணை பிடிக்கும்போது கோணம் சரியாக வந்ததா என்று இதில் வைத்துப் பார்ப்பார்கள், ஜாபுக்கு (வெட்டப்படும் பொருளுக்கு) நேராக டூலை நிறுத்தவும் இதுவே. தகரம்தானே என்று தூக்கிப் போடாதீர்கள்.

உருளை மேல் உட்கார்ந்த பட்டை சைன் பார். அதைக் கையால் தொட்டால் உடனே எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், விரல் வியர்வையே துரு பிடிக்கவைக்கும். இரண்டு உருளைகளின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் துல்லியமாக 100 அல்லது 200 மி.மீ. இருக்கும், அங்குலக் கணக்கில் செய்ததென்றால் 5 அல்லது 10 அங்குலம். 100 மி.மீ. பாரில் ஒரு உருளைக்கு அடியில் 50 மி.மீ. உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக்குச் செய்த துண்டுகள்) அடுக்கினால் பார் சரியாக 30 பாகை சாய்ந்து நிற்கும், ஏனென்றால் 30 பாகையின் சைன் 0.5. பெட்டியின் ஓரத்திலோ அடியிலோ கண்ணாடி மாதிரி மினுங்கும் சின்னச் செவ்வகத் துண்டுகள் கிடந்தால் அவைதான் ஸ்லிப் கேஜ். அவற்றையும் தேடிப் பாருங்கள்.

ஆடும் பேனா உடையவில்லை! அது எட்ஜ் ஃபைண்டர், ஆடுவதுதான் அதன் தொழில். மில்லிங் மெஷினின் சக்கில் பிடித்து நிமிடத்துக்கு 600 முதல் 1000 சுற்றுக்குள் ஓட்டி, ஜாபின் ஓரத்தை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனால் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து முனை நேராகச் சுற்றும், இன்னும் ஒரு துளி நகர்த்தினால் சட்டென்று ஒரு பக்கமாக எகிறும். எகிறிய அந்தக் கணத்தில் ஸ்பிண்டிலின் (சுழலும் தண்டின்) மையம் ஜாபின் ஓரத்திலிருந்து முனை விட்டத்தில் பாதித் தூரத்தில் இருக்கிறது. முனை 10 மி.மீ. என்றால் 5 மி.மீ. ஆடுகிறதே என்று யாராவது பசை போட்டு ஒட்டிவைத்திருந்தால் மட்டும் சொல்லுங்கள், அதையும் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஓட்டைக் கட்டைகளை வெர்னியரில் அளந்து பாருங்கள். 25.4, 50.8, 76.2 மி.மீ. என்று வந்தால் அவை 1-2-3 பிளாக்குகள், அதாவது 1, 2, 3 அங்குலம். ஜோடியாகவே கிரைண்ட் செய்யப்பட்டவை, அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விற்காதீர்கள்.

பல் வட்டுகள்தான் உங்கள் பெட்டியில் கொஞ்சம் யோசிக்கவைக்கும் சரக்கு. பல்லின் முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். நேராகத் தட்டையாக இருந்தால் காடி வெட்டும் சாதாரண மில்லிங் கட்டர். இரண்டு பக்கமும் உள்ளே வளைந்து, நுனியில் குறுகி இருந்தால் பல்சக்கரம் வெட்டும் கட்டர். ஒரு மாட்யூலுக்கு (பல்லின் பருமனைச் சொல்லும் மெட்ரிக் எண்) 8 கட்டர் கொண்டது ஒரு செட், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பல் எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும். இங்கே பலர் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது: அங்குலக் கணக்கான டிபி (டயமெட்ரல் பிட்ச்) கட்டரில் 1ஆம் நம்பர் 135 பல்லிலிருந்து மேலே, 8ஆம் நம்பர் 12, 13 பல்லுக்கு. மாட்யூல் கட்டரில் பெரும்பாலும் இது அப்படியே தலைகீழ். அதாவது 30 பல் வெட்ட டிபியில் 4ஆம் நம்பர், மாட்யூலில் 5ஆம் நம்பர். ஆகையால் நம்பரை நம்பாமல், பக்கத்தில் "26-34" என்பது போல் பொறித்திருக்கும் பல் எண்ணிக்கையைப் படியுங்கள். பல்லின் பக்கச் சரிவைக் குறிக்கும் அழுத்தக் கோணம் 20 பாகையா 14.5 பாகையா என்றும் பாருங்கள். இரண்டையும் கலந்து வெட்டினால் சக்கரங்கள் சேர்ந்து ஓடாது.

இவை போக, நீங்கள் எழுதாத சாமான்கள் இன்னும் எவ்வளவோ கிடக்கும். அவற்றுக்கு என் வழி ஒன்றுதான்: என்ன வெட்டும் என்று பார்க்காதீர்கள், எங்கே பிடிக்கும் என்று பாருங்கள். வெட்டும் முனை தேய்ந்திருக்கும், உடைந்திருக்கும், யாரோ தன் இஷ்டத்துக்குச் சாணை பிடித்திருப்பார்கள். பிடிக்கும் பக்கம் பொய் சொல்லாது. ஷாங்க், அதாவது பிடிக்கும் தண்டு, மெதுவாகச் சரிந்து கூம்பாகப் போனால் மோர்ஸ் டேப்பர், சுருக்கமாக எம்டி. அகலமான பக்கத்தை அளந்தால் 17.78 மி.மீ. சுமார் வந்தால் எம்டி 2, 23.8 வந்தால் எம்டி 3, 31.3 வந்தால் எம்டி 4. கூம்பின் நுனியில் தட்டையான நாக்கு இருந்தால் டிரில்லிங் மெஷின் சாமான், நாக்கு இல்லாமல் மரைத்துளை இருந்தால் பின்னாலிருந்து போல்ட் போட்டு இழுக்கும் மில்லிங் சாமான். பெட்டியில் ஆப்பு மாதிரி ஒரு தட்டை இரும்பு கிடந்தால் அது டிரிஃப்ட், ஸ்லீவின் (டிரில்லைச் சொருகும் கூம்புக் குழாயின்) பக்கத்துளையில் விட்டு அந்த நாக்கைத் தட்டி டிரில்லைக் கழற்றுவதற்கு. கதவுக்கு முட்டுக் கொடுக்க அருமையாக இருக்கும், அதனாலேயே பாதிப் பட்டறைகளில் காணாமல் போகும்.

கூம்பு சட்டென்று குறுகி, அகலப் பக்கம் 44.45 மி.மீ. இருந்து விளிம்பில் காடி ஓடினால் 40ஆம் நம்பர் மில்லிங் கூம்பு வகை. அதில் பி.டி. 40 (BT 40), கேட் 40 (CAT 40) என்ற இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. கூம்பு ஒன்றே, விளிம்பும் பின்னால் உள்ள மரையும் வேறு: முன்னதில் எம் 16, பின்னதில் 5/8 அங்குலம். பொருந்துகிறதே என்று மாற்றி மாட்டாதீர்கள், ஓடும்போது டூல் கழன்றால் அது போகும் வேகம் தனி.

இரண்டு முனையிலும் சென்டர் துளையும் ஓரத்தில் சின்னத் தட்டை வெட்டும் உள்ள வழவழப்பான கம்பி இருந்தால் தொடாதீர்கள். என் முதல் ஏலப் பெட்டியில் அப்படி ஒன்று வந்தது. நல்ல கம்பியாச்சே என்று வைஸில் பிடித்து ஹேக்சாவை வைத்தேன். நாலு இழுப்பு. கம்பியில் கீறல்கூட இல்லை, பிளேடின் பல் மட்டும் மழுங்கிப் பளபளத்தது. அது மாண்ட்ரல், கடினப்படுத்திய இரும்பு, 100 மி.மீ. நீளத்துக்கு வெறும் 0.05 மி.மீ. சரிவு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. துளை போட்ட ஜாபை அதில் இறுக்கி ஏற்றி லேத்தில் கடைவார்கள். அளவு குத்தியிருக்கும் முனைதான் பெரிய முனை.

ஏமாந்தீர்களா என்றால், இல்லை. டெலஸ்கோப்பிக் கேஜும் சைன் பாரும் சேர்ந்து வந்த பெட்டியை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கேள்வி: அதே ஏலத்தில் நானும் ஒரு பெட்டி எடுத்தேன். சாணைக்கற்கள் ஒரு டஜன், லேத் டூல்கள் நிறைய. டூல்களில் "சிஎன்எம்ஜி 120408" என்று எழுதிய டப்பா ஒன்று. எது எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்), எது சாதா இரும்பு என்று எப்படிப் பிரிப்பது? சாணைக்கற்களை உடனே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: டப்பாவில் இருப்பது கார்பைடு இன்சர்ட், ஹோல்டரில் மாட்டி வெட்டும் கெட்டியான சின்னத் துண்டு. சி என்பது 80 பாகை சாய்சதுர வடிவம், 12 வெட்டு விளிம்பின் நீளம், 04 என்பது 4.76 மி.மீ. தடிமன், 08 என்பது முனையின் ஆரம் 0.8 மி.மீ. அதற்கேற்ற ஹோல்டர் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இப்போதைக்கு அது அழகான டப்பா மட்டுமே.

மற்ற டூல்களுக்குத் தீப்பொறிச் சோதனை. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெட்டாத பின்முனையைச் சாணையில் லேசாகக் காட்டுங்கள். வெள்ளையாகப் பூப்பூவாக வெடித்துச் சிதறினால் கார்பன் ஸ்டீல். ஆரஞ்சும் சிவப்புமாக, வெடிப்பே இல்லாத மங்கிய கோடுகளாக வந்தால் எச்எஸ்எஸ். எச்எஸ்எஸ் 600 பாகை செல்சியஸ் பக்கம் சூடேறினாலும் கூர்மை தாங்கும், கார்பன் ஸ்டீல் 200, 250 பாகையைத் தாண்டினாலே இளகிவிடும், அதனால் இதை வேகமாக ஓட்ட முடியாது. முழுக் கார்பைடுக்குப் பொறி எல்லாம் வேண்டாம், கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவு இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம்.

சாணைக்கற்கள் விஷயத்தில் நான் கறார். "ஏ 60 கே 5 வி" போன்ற குறியீடு இருந்தால் ஏ என்பது அலுமினியம் ஆக்சைடு, 60 பொடியின் பருமன், கே எவ்வளவு கெட்டி, 5 எவ்வளவு இடைவெளி, வி என்பது சுட்டுச் சேர்த்த வகை. வி வகையை மட்டும் துளையில் விரலை விட்டுத் தொங்கவைத்து மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி கணீர் என்றால் விரிசல் இருக்க வாய்ப்பு குறைவு. சட்டி மாதிரி டொக் என்றால் குப்பைக்கு. எண்ணெய் குடித்த கல்லும் டொக் என்றுதான் சொல்லும், அதுவும் குப்பைதான். பிசின் சேர்த்த வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கையில் பிடிக்கும் வெட்டுச் சக்கரங்கள் பலவற்றில் நடுவளையத்திலேயே காலாவதி நாள் அச்சாகியிருக்கும். அதிகபட்சச் சுற்று எழுதிய சீட்டு கிழிந்துபோன கல் எதுவானாலும், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், நான் மாட்ட மாட்டேன். சுத்தியலால் உடைத்துத்தான் குப்பையில் போடுவேன், முழுதாகப் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

கேள்வி: அடுத்த ஏலத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? அப்புறம், யாராலும் அடையாளம் சொல்ல முடியாத சாமானை என்ன செய்வது?

பதில்: முதலில் நிபந்தனைத் தாள். "இருக்கிறது இருக்கிறபடி" என்று இருந்தால் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது. நீங்கள் சொன்ன விலைக்கு மேல் ஏலக்காரர் கமிஷன் எத்தனை சதவீதம், வரி உண்டா, எத்தனை நாளுக்குள் தூக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள். முன்பார்வை நாள் இருந்தால் கட்டாயம் போங்கள், பையில் ஒரு வெர்னியர், ஒரு டார்ச், ஒரு பழந்துணி. மைக்ரோமீட்டரை மூடிப் பூஜ்ஜியம் வருகிறதா என்று பாருங்கள். கை டேப் செட்டாக இருந்தால் ஷாங்கில் உள்ள வளையங்களை எண்ணுங்கள்: ஒரு வளையம் முதல் டேப், இரண்டு வளையம் இரண்டாவது, வளையமே இல்லாதது பெரும்பாலும் கடைசி டேப். மூன்றும் ஒரே வளையத்தோடு இருந்தால் உடைந்துபோன மீதியைத்தான் விற்கிறார்கள். காலெட் (டூலைச் சுற்றிப் பிடிக்கும் பிளவுக் குழாய்) பெட்டியில் காலியான குழிகளைப் பாருங்கள், காணாமல் போயிருப்பது எப்போதும் அன்றாடம் புழங்கும் அளவுதான். லேத்தின் ஸ்டெடி ரெஸ்ட் (நீள ஜாபைத் தாங்கும் முட்டு) தனியாகக் கிடந்தால் மனதைக் கட்டுப்படுத்துங்கள், அதன் சொந்த லேத் இல்லாமல் அநேகமாக எதற்கும் உதவாது.

அடையாளம் தெரியாத சாமானில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாமல், கையால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திய கோணல் நம்பர் மட்டும் இருந்தால் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அது அந்தப் பட்டறை ஏதோ ஒரு ஜாபுக்காகத் தானே செய்துகொண்ட ஃபிக்சர், அதாவது ஜாபைப் பிடித்து நிறுத்தும் சட்டம். அந்த ஜாப் போனதோடு அதன் கதையும் போய்விட்டது. அதில் அழுத்திப் பொருத்தியிருக்கும் கெட்டியான டிரில் புஷ்களை (டிரில்லுக்கு வழிகாட்டும் வளையங்களை) மட்டும் தட்டிக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியைப் பழைய இரும்போடு போடுங்கள்.