ஸ்டீயரிங் மட்டும் சுற்றியது, கார் திரும்பவில்லை: வழக்கு யார் மேல்?

கேள்வி: என்னிடம் 1996 மாடல் கான்டெஸா கிளாசிக் இருக்கிறது. பழைய ஸ்டீயரிங் விரிசல் விட்டதால், மூன்று கம்பி வைத்த 14 இன்ச் ஸ்டீயரிங்கை ஆன்லைனில் வாங்கி ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். "கான்டெஸாவுக்கு ரெடிமேடு ஹப் (ஸ்டீயரிங்கைத் தண்டோடு இணைக்கும் நடுப்பாகம்) கிடைக்காது" என்று சொல்லி, பழைய ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியை அறுத்து, லேத்தில் கடைந்த பிளேட்டை அதில் வெல்டு வைத்து மாட்டினார்கள். ரூ.9,500 யு.பி.ஐ.யில் கொடுத்தேன். பில் தரவில்லை. ஏழு வாரத்தில் லேசாக ஆட்டம் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க சார்" என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் ஒரு வளைவில் ஸ்டீயரிங் மட்டும் சுற்றியது, வண்டி திரும்பவில்லை. பைக்கில் வந்தவர் மீது மோதி, அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. போலீஸ் என் மேல் வழக்குப் பதிந்திருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி "அனுமதியற்ற மாற்றம்" என்று கிளெய்மை நிராகரித்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் "ஸ்டீயரிங் நீங்க கொண்டுவந்ததுதானே" என்கிறார்கள். வண்டி இப்போது வீட்டில் நிற்கிறது. நான் என்ன செய்வது?
— வாசகர், கோவை

பதில்: முதல் வேலை, அந்த ஸ்டீயரிங்கை யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கையும் வண்டிப் பக்கம் விடாதீர்கள். போலீஸ், இன்சூரன்ஸ், ஒர்க்‌ஷாப் என்று மூன்று பக்கமும் உங்களுக்கு இருக்கும் சாட்சி, எது எங்கே விட்டுப்போனது என்பதுதான்.

ஸ்டீயரிங் தண்டின் நுனியில் பல் வெட்டியிருக்கும். ஹப்பின் உள்பல் அதில் உட்காரும், மேலே ஒரு நட்டு அழுத்திப் பிடிக்கும். நட்டு மட்டும் தளர்ந்திருந்தால் ஸ்டீயரிங் மேலும் கீழும் ஆடி, கடைசியில் கையோடு வந்திருக்கும். உங்களுடையது இருந்த இடத்திலேயே சுற்றியிருக்கிறது. ஹப்பின் நடுப்பகுதி கம்பெனி பாகம் என்பதால் பல் தேய்ந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே வெல்டு விட்டிருக்க வேண்டும், அல்லது பிளேட்டையும் ஸ்டீயரிங்கையும் சேர்க்கும் ஆறு போல்ட்டுகளில் கோளாறு இருக்க வேண்டும்.

கீழே சொல்லும் முறைப்படி கழற்றும்போது, வெல்டு விட்டிருந்தால் உடைந்த முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்தோ துரு ஏறியோ இருந்து, மற்ற பகுதி பளபளவென்று இருந்தால், விரிசல் பல நாளாக வளர்ந்து வந்திருக்கிறது என்று பொருள். "மோதின வேகத்துல உடைஞ்சது" என்ற வாதம் அங்கேயே அடிபடும். போல்ட் துளைகளையும் அளந்து பாருங்கள். சந்தையில் கிடைக்கும் ஸ்டீயரிங்குகளில் மோமோ வகைக்குத் துளை வட்டத்தின் விட்டம் 70 மில்லிமீட்டர், நார்டி வகைக்கு 74. ஒன்றுக்கு அடித்த பிளேட்டில் மற்றதை மாட்ட, துளையை அரம் போட்டு நீள்வட்டமாக்கியிருந்தால் போல்ட் இறுக்கமாக நிற்காது. கம்பியே உடைந்திருந்தால் மட்டும்தான் பொறுப்பு ஸ்டீயரிங்கைத் தயாரித்தவர், விற்றவர் பக்கம் போகும். வெல்டும் துளையும் ஒர்க்‌ஷாப்பின் கைவேலை. பொருள் உங்களுடையது என்பதால் அவர்கள் தப்ப முடியாது, ஏனென்றால் ஹப்பைச் செய்தவர்களே அவர்கள்தான்.

கழற்றும் நாளை ஒர்க்‌ஷாப்புக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் 10 நாள் முன்பே தெரிவியுங்கள். தண்டு, நட்டு, ஹப் மூன்றின் மேலும் பெயின்ட்டில் ஒரே கோடு இழுத்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஒரு சுயேச்சையான ஆட்டோமொபைல் இன்ஜினீயர் முன்னிலையில் வீடியோவோடு கழற்றுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையின் நகலையும் உடனே கேளுங்கள். "இயந்திரக் கோளாறு இல்லை" என்று அதில் இருந்தால், ஸ்டீயரிங் இணைப்பை மீண்டும் ஆய்வு செய்யும்படி காவல் நிலையத்திலும் ஆர்.டி.ஓ.விடமும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இப்போது "அனுமதியற்ற மாற்றம்". மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி. விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கே.ஜெயச்சந்திரா வழக்கில் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை போன்றவைதான் இருக்கும். ஸ்டீயரிங் வளையம் அதில் இல்லை. வளையத்தை மாற்றியது மட்டுமே 52-ஐ மீறியதாகாது என்பதுதான் என் கருத்து. (கான்டெஸாவில் ஏர்பேக் இல்லை என்பதும் உங்களுக்குச் சாதகம். ஏர்பேக் உள்ள காரில் இதே வேலையைச் செய்திருந்தால் என் பதில் வேறு.) ஆனாலும் 182-ஏ(4) பிரிவில் அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்துவதும் குற்றம், 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். அறுத்து வெல்டு வைத்த ஹப்பை அரசுத் தரப்பு இதில் கொண்டுவரப் பார்க்கும். அதற்கும் தயாராக இருங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம், பாலிசியின் எந்த நிபந்தனையை மீறினேன் என்று எழுத்தில் கேளுங்கள். இயந்திரப் பழுதும் உடைவும் ஓன் டேமேஜில் (சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டில்) வராது என்பது உண்மை. எனவே ஹப்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் பணம் கேட்காதீர்கள். மோதியதால் நசுங்கிய பம்பர், ஃபெண்டர், ரேடியேட்டர் விபத்துச் சேதம். அவற்றை மட்டும் தனியாக எஸ்டிமேட் போட்டுக் கொடுங்கள். ஸ்டீயரிங் மாற்றுவதற்கு முன்பே பாலிசி எடுத்திருந்தால், தகவலை மறைத்தீர்கள் என்ற வாதமும் நிற்காது. நிபந்தனை மீறலே இருந்தாலும், 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற நான்-ஸ்டாண்டர்டு அடிப்படையில் (கிளெய்மை முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியைக் கொடுப்பது) 75 சதவீதம் வரை கேட்கலாம். கம்பெனியிடம் மேல்முறையீடு செய்து ஒரு மாதம் பாருங்கள். பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிராகரிப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: விபத்தன்று ஆர்.சி. உயிரோடு இருந்ததா? 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் கம்பெனியின் கை ஓங்கிவிடும்.

காயம்பட்டவரின் இழப்பீடு வேறு கணக்கு. அது தேர்ட் பார்ட்டி பொறுப்பு. இன்சூரன்ஸ் கம்பெனி அங்கே எதைச் சொல்லித் தப்பலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது: உரிமம் இல்லாத ஓட்டுநர், குடித்து ஓட்டியது, பந்தயம், முக்கியத் தகவலை மறைத்து எடுத்த பாலிசி போன்றவை. ஸ்டீயரிங் மாற்றம் அதில் இல்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் வந்த அன்றே கம்பெனிக்கு அனுப்புங்கள். அவரை மருத்துவமனையில் போய்ப் பாருங்கள். நலம் விசாரிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தி. இது இரண்டு பக்கமும் வெட்டும், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். "ஓட்டுங்க" என்ற பதில் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரான உங்கள் பலமான ஆதாரம். அதே செய்தி, ஆட்டம் இருப்பது தெரிந்தே ஓட்டினீர்கள் என்பதையும் காட்டும். தெரிந்த குறையோடு ஓட்டி ஒருவருக்குக் காயமானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(1) பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால், பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 281, 125(ஆ) பிரிவுகளும் இருக்கும். அப்படியிருந்தும் அழிக்காதீர்கள். அழித்தாலும் அவர்கள் போனில் இருக்கும். அழித்தவர் என்ற பெயர்தான் உங்களுக்கு மிஞ்சும். ஆட்டத்தைக் கண்டதும் வேலை தெரிந்தவரிடம் கேட்டீர்கள், அவர் சொன்னதை நம்பினீர்கள் என்பது அசட்டை அல்ல என்று வாதாட முடியும். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து, மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் கேட்கும் 63(4) சான்றிதழோடு வையுங்கள்.

ஒர்க்‌ஷாப் மேல் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். பில் இல்லாதது தடையில்லை, யு.பி.ஐ. பதிவே போதும். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்யுங்கள். அதற்கு முன் 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். உடைந்த ஹப்பை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேட்கலாம். நடுவில் ஒர்க்‌ஷாப் ஏதாவது தொகை கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கப் பார்த்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த பின் ஒர்க்‌ஷாப்பிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும். அதை நீங்கள் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால், அதையே காரணம் காட்டி உங்கள் கிளெய்மை மறுப்பார்கள்.

ஆய்வு முடிந்த பிறகு அறுக்காத ஒரு ஒரிஜினல் ஸ்டீயரிங்கைத் தேடி மாட்டுங்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் அதை அசைத்துப் பார்ப்பார்: மத்திய மோட்டார் வாகன விதி 98-ன்படி வளையத்தில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஹாரனும் அடிக்க வேண்டும். உடைந்த ஹப்பை மட்டும் துடைக்காமல், எண்ணெய் போடாமல், பிளாஸ்டிக் கவரில் சீல் வைத்து வழக்குகள் முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.