ஓவர்ஸ்பீடுன்னு நிறுத்துனா போலீஸ் சாவிய எடுக்கலாமா, லைசென்ஸ வாங்கி வச்சுக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி சொல்றது இதான். பிள்ளையார்பட்டி போயிட்டு கார்ல திரும்பி வர்றப்ப காரைக்குடி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தி ஓவர்ஸ்பீடுன்னுட்டாங்க, ஒருத்தர் சாவிய உருவிட்டாரு, இன்னொருத்தர் லைசென்ஸ வாங்கி வச்சுக்கிட்டாரு, ரெண்டுமே சட்டப்படி தப்புதானேங்குறாரு.

ரெண்டும் தப்பில்ல தம்பி, ஒண்ணுதான் தப்பு. நான் இங்க காரைக்குடியில வாடகைக்கு கார் விடுறவன், எங்க டிரைவருங்க மாட்டாத ரோடு கிடையாது, அதனால இந்த விஷயத்த கொஞ்சம் படிச்சு வச்சிருக்கேன்.

மொதல்ல சாவி. மோட்டார் வாகனச் சட்டத்துல ஓவர்ஸ்பீடுக்கு சாவிய எடுக்கலாம்னு எங்கயுமே இல்ல. வண்டிய புடிச்சு வைக்கிறதுக்கு 207னு ஒரு பிரிவு இருக்கு, ஆனா அது லைசென்ஸ் இல்லாம ஓட்டுறது, ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாதது, பெர்மிட் இல்லாத வண்டி இந்த மாதிரி கேஸுக்கு. வேகமா வந்தேங்குறது அதுல வராது. சாவிய உருவுனா "சார் நான் எங்கயும் ஓடல, சாவிய குடுத்துருங்க, என்ன கேஸோ எழுதுங்க"ன்னு அமைதியா சொல்லுங்க. கத்துனா காரியம் கெட்டுரும், அங்க நின்னு சட்டம் பேசி ஜெயிச்சவன் யாரையும் நான் பாத்ததில்ல.

லைசென்ஸ் விஷயத்துல வாட்ஸ்அப்ல சுத்துற மெசேஜ நம்பாதீங்க. போலீஸ் லைசென்ஸ தொடவே கூடாதுன்னு அதுல போட்டிருப்பான், அது சுத்தப் பொய். 2019ல சட்டத்த திருத்துனப்ப 206(4)னு ஒண்ணு சேத்தாங்க, அதுபடி ஓவர்ஸ்பீடு, குடிச்சுட்டு ஓட்டுறது, ஆபத்தா ஓட்டுறது இதுக்கெல்லாம் லைசென்ஸ வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பலாம். ஆனா கைச்சீட்டு, அதாவது தற்காலிக ரசீது ஒண்ணு கட்டாயம் குடுக்கணும். இதுல ஒரு வில்லங்கம், அந்த ரசீத காட்டி வண்டி ஓட்ட முடியாது, லைசென்ஸ் திரும்பி வர்ற வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு அதே பிரிவுலயே இருக்கு. ஓவர்ஸ்பீடுக்கு அபராதம் சொல்ற 183வது பிரிவுல ரெண்டாவது தடவை மாட்டுனா லைசென்ஸ வாங்கி வைக்கணும்னு இருக்கு, 206ல மொத தடவை ரெண்டாவது தடவைன்னு பிரிக்கவே இல்ல, அதனால மொத தடவைக்கே வாங்கலாமான்னு வாதம் பண்ண எடம் இருக்கு. அத ஆர்டிஓ ஆபீஸ்ல பண்ணுங்க, ஏன்னா சஸ்பெண்ட் பண்றது ஆர்டிஓதான், ரோட்டுல நிக்கிறவர் இல்ல. ஆர்டிஓவும் உங்க தரப்ப கேட்டுட்டுத்தான் முடிவெடுக்கணும், விட்டாலும் விடலாம், மொத தடவைன்னா 3 மாசம் தடையும் போடலாம்.

ரசீது வாங்காம வந்திருந்தீங்கன்னா நாளைக்கே அந்த ஸ்டேஷனுக்கு போயி எழுதிக் குடுத்து கேளுங்க.

இப்ப முக்கியமானதுக்கு வரேன், உங்க கேள்வியில இத நீங்க கேக்கவே இல்ல. வேகத்த எப்படி கண்டுபுடிச்சாங்க? 183(3) என்ன சொல்லுதுன்னா, ஒரே ஒரு ஆளு "எனக்கு பாத்தா வேகமா வந்த மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்றத மட்டும் வச்சு தண்டிக்க முடியாது, அந்தக் கணிப்பு ஒரு கருவி காட்டுன அளவுலருந்து வந்திருக்கணும். மோட்டார் வாகன விதிகள்ல 167ஏன்னு 2021ல வந்தது, அதுல ஸ்பீடு கன், கேமரா எல்லாத்துக்கும் அங்கீகாரச் சான்று இருக்கணும், அத வருஷா வருஷம் புதுப்பிக்கணும், கண்காணிக்கிற எடத்துக்கு முன்னாடியே எச்சரிக்கை போர்டும் வைக்கணும்னு இருக்கு. எங்க டிரைவர் ஒருத்தர திருமயம் பக்கம் நிறுத்துனப்ப அவரு "ரீடிங் காட்டுங்க சார்"ன்னு மரியாதையா கேட்டாரு, எஸ்ஐயும் கருவிய திருப்பி பின்பக்க ஸ்கிரீன காட்டுனாரு. வண்டியோட முன்பக்கம், நம்பர் பிளேட்டு, மேல 93, கீழ தேதியும் நேரமும். அதுக்கு மேல பேச என்ன இருக்கு, கட்டிட்டு வந்தாரு. ஆனா ரீடிங்கே இல்லாம வெறும் வாய்க்கணக்குன்னா ஸ்பாட்ல கட்டாதீங்க, கோர்ட்ல பாத்துக்கிறேன்னு சொல்லுங்க, கட்டுனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.

அபராதம் காருக்கு 1000லருந்து 2000 வரைக்கும், பஸ் லாரிக்கு 2000லருந்து 4000. அத ஸ்பாட்ல வாங்குற அதிகாரம் அரசு அறிவிச்ச ரேங்க் உள்ள அதிகாரிக்குத்தான், பக்கத்துல நிக்கிற காவலர் கையில திணிக்கிற காசுக்கு ரசீதும் வராது கேஸும் முடியாது. யூனிஃபார்ம்ல இருக்குற எந்த போலீஸும் லைசென்ஸ காட்டச் சொல்லலாம், அதுக்கு ரேங்க் கெடையாது. டிஜிலாக்கர்ல காட்டுனாலே போதும், அட்டைதான் வேணும்னு அடம்புடிக்க விதியில எடமில்ல.

ஒண்ணு சொல்லணும், போலீஸ் எல்லாத்தையும் வசூலுக்குத்தான் பண்றாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். தைப்பூசத்துக்கு முன்னாடி நகரத்தார் காவடியோட குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்குறப்ப ராத்திரியில ரோட்டோரமா வயசானவங்க வரிசையா போயிட்டிருப்பாங்க, அந்த நேரத்துல நூறுல போறவன நிறுத்துனா எனக்கு சந்தோஷந்தான்.

நிறுத்தாம கேமராவுல மட்டும் புடிச்சிருந்தா 15 நாளுக்குள்ள நோட்டீஸ் வரணும், அதுல போட்டோ, கருவி காட்டுன வேகம், எடம், நேரம், எந்தப் பிரிவு எல்லாம் இருக்கணும். ஆர்சி அப்பா பேர்ல, பழைய மொபைல் நம்பர்ல கெடந்தா எஸ்எம்எஸ் அங்கதான் போகும், நமக்கு தெரியவே தெரியாது, பரிவாஹன்னு அரசோட போக்குவரத்து சைட் இருக்கு, அதுல நம்பர மாத்திருங்க. வாட்ஸ்அப்ல சலான்னு சொல்லி ஏபிகே ஃபைல், அதாவது போன்ல ஆப் ஏத்துற ஃபைல் வந்தா தொடாதீங்க, அது பேங்க் அக்கவுண்ட தொடைக்கிற கும்பல்.