வாக்கர் என்றால் நடப்பவர் அல்ல

வணக்கம். நீங்கள் மொழிபெயர்த்துவரும் யார்க்‌ஷயர் குடும்ப வரலாற்றில் ‘வாக்கர்’ என்னும் குடும்பப்பெயருக்கு ‘நடப்பவர்’ என அடிக்குறிப்பு எழுதிய பிறகு, ஃபுல்லர், டக்கர் ஆகியவற்றுக்கும் அதே பொருள்தான் என்று மூலநூல் சொல்வதைக் கண்டு குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். நூல் சொல்வது சரி; அடிக்குறிப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றும் ஒரே தொழிலின் பெயர்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் ஆட்டுமயிரின் எண்ணெய்ப்பசை இருக்கும், இழைகளும் நெருங்கியிரா. அதைத் தொட்டியில் இட்டு, நாள்பட்ட சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் (நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டி அந்த இனம்தான்) கலந்த நீரில் நெடுநேரம் காலால் மிதித்தால், பசை நீங்கித் துணி சுருங்கித் தடிக்கும். அப்படி மிதித்தவரே வாக்கர். 12ஆம் நூற்றாண்டு முதல் நீர்விசையால் இயங்கும் மரச் சம்மட்டிகள் அந்த வேலையை மெல்ல ஏற்றுக்கொண்ட பின்னரும் பெயர் மாறவில்லை.

வேறுபாடு வட்டாரத்தைப் பொறுத்தது: பெரும்பாலும் இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். தென்மேற்கே எக்ஸிடர் நகரில் 1471இல் கட்டப்பட்ட இத்தொழிலாளர் சங்க மண்டபம் இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ என்றே வழங்குகிறது. யார்க்‌ஷயர் வடக்கே இருப்பதால் உங்கள் நூலின் குடும்பத்துக்குப் பெயரும் இடமும் பொருந்துகின்றன. ஆனால் வாக்கர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழியினர் என்று கருதிவிடாதீர்கள். துணி நெய்த ஊர்தோறும் அதை மிதித்தவரும் இருந்தார். அடிக்குறிப்பில் ‘கம்பளித் துணியை மிதித்துப் பதப்படுத்துபவர்’ என்று எழுதலாம்.