பனிநிலவுகளிலேயே விசித்திரமான மேற்பரப்பு எதற்கு?

வியாழனின் யூரோப்பா, சனியின் என்செலடஸ் என்றுதான் பலரும் சொல்வாங்க. நான் சனியின் இயாபெட்டஸைச் சொல்வேன். சுமார் 1,470 கிலோமீட்டர் விட்டமுள்ள இந்த நிலவின் ஒரு பாதி கரி நிறம், மறு பாதி வெள்ளை வெளேர்.

இந்த வித்தியாசம் தெரிய விண்கலமே வேண்டியதில்லைங்க. தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் களத்தில் எட்டு இன்ச் தொலைநோக்கியை வைத்துப் பார்த்திருக்கிறேன். சனிக்கு மேற்கே வரும்போது சுலபமாகத் தெரியும். கிழக்கே போய்விட்டால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், தேடித்தான் பிடிக்கணும். 1671இல் இதைக் கண்டுபிடித்த வானியலாளர் காசினிக்கும் மேற்கே தெரிந்தது கிழக்கே தெரியவில்லை. சனிக்கு ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றுகிறது, ஒரு பக்கம் கருத்திருக்கிறது என்று அதிலிருந்தே கணித்தார். கிழக்கில் மங்கலாகக் கண்டது 1705இல்தான். ஒளி கூடுவதையும் குறைவதையும் மட்டும் வைத்து இவ்வளவு சொல்லியிருக்கிறார்!

தூசு விழுந்து ஒரு பக்கம் கருத்திருக்கிறது என்று அக்கா மகளுக்குச் சொன்னபோது, "ஏனுங்க மாமா, தூசி உழுந்தா எல்லாப் பக்கமும்தானுங்களே உழோணும்?" என்றாள். சரியான கேள்வி. சனியின் ஃபீபி என்ற வெளிநிலவு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதிலிருந்து கிளம்பிய தூசு பெரிய வளையமாகப் பரவியிருப்பதை 2009இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி காட்டியது. அந்தத் தூசு, இயாபெட்டஸ் நகரும் திசையைப் பார்த்த முன்பக்கத்தில்தான் மோதுகிறது. ஆனால் தூசு மட்டுமே இத்தனை கருப்பைத் தந்துவிடாது. இயாபெட்டஸ் ஒருமுறை சுழல 79 நாள். அவ்வளவு நீண்ட பகலில் கருத்த இடம் கூடுதலாகச் சூடேறி, அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த வெள்ளைப் பக்கத்திலும் துருவங்களிலும் போய்ப் படிகிறது. கருத்தது மேலும் கருக்கிறது, வெளுத்தது மேலும் வெளுக்கிறது.

இன்னொரு அதிசயம், நடுக்கோட்டை ஒட்டி 1,300 கிலோமீட்டருக்கு ஓடும் மலைத்தொடர். 2004 கடைசியில் காசினி விண்கலம் எடுத்த படங்களில் தெரியவந்தது. பல இடங்களில் 13 கிலோமீட்டர் உயரம். தொட்டபெட்டாவை ஐந்து முறை அடுக்கினால்தான் ஈடாகும். முற்காலத்தில் வேகமாகச் சுழன்றபோது புடைத்தது என்கிறார்கள் சிலர். பழைய வளையம் ஒன்று சரிந்து விழுந்து குவிந்தது என்பது இன்னொரு தரப்பு. இவ்வளவு நேராக நடுக்கோட்டிலேயே கிடப்பதால் எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

நீங்களும் பார்க்க நினைத்தால், மேற்கே இருக்கும் வாரத்தில் தொடங்குங்க. சனியை விட்டு நன்றாகவே தள்ளி நிற்கும், அருகில் தேடாதீங்க. நாற்பது நாள் கழித்துக் கிழக்கே பாருங்க.